கூடி அஞ்சும் ஆட்டம்



அச்சத்தை விரும்புவார் எவரும் இலர். ஆயினும் அஞ்சத்தக்க கதையைக் கேட்க மறுப்பாரும் இலர். பாட்டியிடம் பேய்க்கதை கேட்கும் குழந்தை, நடுங்கி அவள் சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், மறுகணமே தலையை நீட்டி, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கும். சேலைத் தலைப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதனால் எழும் கேள்வி அது. துணை உண்டு என்னும் உறுதி உள்ளவரை அச்சமும் ஒரு சுவையாகிறது. அத்துணை விலகுமோ என்னும் ஐயம் தோன்றியவுடன் அச்சுவை மும்மடங்கு ஆகிறது. இந்த எளிய உண்மையின்மேல் எழுந்த புதிய கலை ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இணையத்தின் வழியே நண்பர் சிலர் ஒன்றுகூடி, இருண்ட இடங்களுக்குள் புகுந்து, கூடியே அஞ்சி, கூடியே தப்ப முயலும் வீடியோ ஆட்டங்களே அவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்ற சில, ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ ஆக்கியவை என்பது வியப்புக்குரிய செய்தி.

பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பூனாவிலும் தில்லியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், இவ்வாட்டங்களை ஆடும் இளைஞர் உளர். தாமும் இரண்டு மூன்று நண்பர்களோடு சேர்ந்து இத்தகைய ஆட்டம் ஒன்றை ஆக்கவேண்டும் என்று விரும்புவாரும் உளர். "இதுவும் ஒரு தொழிலா?" என்று பெரியவர்கள் கேட்பது இயல்பு. அக்கேள்விக்கு விடை கூறுமுன், அத்தொழிலின் உட்பொருள் என்ன என்பதைக் காணவேண்டும்.

அச்சம் எதிலிருந்து பிறக்கிறது என்னும் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறி, அதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு வகை ஒன்று, கொடிய விலங்குகள் மற்றொன்று, கள்வர் மூன்றாவது, நமக்கு மேலிருந்து நம்மை ஆளும் தலைவர் நான்காவது. இன்றைய ஆட்டங்களை இப்பட்டியலோடு வைத்துப் பார்த்தால் பொருத்தம் நன்கு விளங்கும்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த 'ஃபாஸ்மோஃபோபியா' என்னும் ஆட்டம் அணங்கைப் பற்றியது. இங்கிலாந்தின் கைனெட்டிக் கேம்ஸ் வெளியிட்ட இவ்வாட்டத்தைத் தொடக்கத்தில் ஆக்கியவர் ஒரே ஒருவர். நால்வர் வரை ஒரு வீட்டினுள் சென்று, அங்கே உறையும் பேய் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைத் தடயங்கள் கொண்டு கண்டுபிடிக்கவேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 'லீதல் கம்பெனி'யையும், சீக்கர்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட தனியொருவரே ஆக்கினார். இதில் நால்வர் ஒரு கம்பெனியின் கூலிகளாகப் பாழடைந்த கட்டடங்களுள் புகுந்து பழம்பொருள்களைப் பொறுக்கி வரவேண்டும். உள்ளே விலங்குகளும் பூதங்களும் திரிகின்றன. ஆயினும் அவற்றினும் கொடியது கம்பெனியே. மூன்று நாளுக்கு ஒருமுறை அது விதிக்கும் தொகையைச் சேர்க்கத் தவறினால், கூலிகள் அனைவரும் விண்வெளியில் வீசப்படுவர். விலங்கும் தலைவரும் ஓரிடத்தில் சேர்ந்து அச்சுறுத்தும் ஏற்பாடு இது.

ஆனால் இவ்வாட்டங்களை ஆழ்ந்து நோக்கினால், அந்நான்கின் பின்னால் ஐந்தாவதாக ஒன்று நிற்பதைக் காணலாம். தனிமையே அது. பேய் எதிரே வரும்போது நால்வரும் உடனிருந்தால் கூச்சலும் சிரிப்புமே மிகும். ஒருவன் பின்தங்கிவிட்டான், அவன் குரல் கேட்கவில்லை என்னும்போதே நெஞ்சு உறைகிறது. ஆகவே கூடியாடும் அச்ச ஆட்டத்தை ஆக்குபவரின் முதற்கடமை, நண்பர்களைப் பிரிக்கும் வழிகளையும், மீண்டும் சேரும் வழிகளையும் அமைப்பதாகும். பூதத்தின் பல்லையும் நகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு அவர் கையாளும் கருவிகளுள் தலையாயது மனிதக் குரல். ஆடுபவர் ஒவ்வொருவரும் மைக்கில் பேசுகின்றனர். அக்குரல் தொலைபேசியில் போல எங்கிருந்தாலும் ஒரே அளவாகக் கேட்பதில்லை. ஆட்டத்தில் ஒருவரின் உருவம் நிற்கும் இடத்திலிருந்தே அவர் குரல் எழுகிறது. அருகில் வந்தால் பெருகும்; விலகினால் மங்கும்; இன்னும் விலகினால் அறவே நின்றுவிடும். இடப்புறம் நிற்பவர் குரல் இடச்செவியில் மிகுதியாகக் கேட்கும். பேசிக்கொண்டே நடந்த நண்பனின் வாக்கியம் பாதியில் அறுபட்டால், அதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. விலையுயர்ந்த படக்காட்சியால் எழுப்ப இயலாத நடுக்கத்தை, அறுபட்ட அந்த அரை வாக்கியம் எழுப்பிவிடுகிறது.

குரல் துணையாக இருப்பதோடு ஆபத்தாகவும் இருக்கவேண்டும். லீதல் கம்பெனியில் கண்ணில்லாத நாய் போன்ற பெரும் விலங்கு ஒன்று உண்டு. அது ஓசையைக் கொண்டே இரையைத் தேடும். ஆடுபவர் மைக்கில் பேசும் பேச்சும் அதன் செவிக்கு எட்டும். ஃபாஸ்மோஃபோபியாவின் பேயும், வேட்டையாடும் நேரத்தில் ஆடுபவர் பேச்சைக் கேட்டு நெருங்கும். அவ்வேளையில் வாக்கி-டாக்கியும் இரைச்சலில் மூழ்கிப் பயனற்றுப்போம். பேசினால் பகை அறியும். பேசாவிட்டால் நண்பன் அறியான். இந்த இருதலைக்கொள்ளி நிலையே இவ்வாட்டங்களின் உயிர்நிலை.

இரண்டாவது கருவி, அறிவைப் பங்கிட்டு வைத்தல். லீதல் கம்பெனியில் மூவர் கட்டடத்துள் செல்ல, ஒருவர் கப்பலிலேயே தங்குவதுண்டு. அவர் முன்னுள்ள திரையில் கட்டடத்தின் படமும், அதில் நகரும் புள்ளிகளும் தெரியும். பூட்டிய கதவுகளைக் குறியெழுத்துகள் கொண்டு அவர் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்க்கு எதிரிலுள்ள இருள் தெரியும், வழி தெரியாது. வெளியே இருப்பவர்க்கு வழி தெரியும், இருள் தெரியாது. ஒருவரிடம் இல்லாத அறிவு மற்றவரிடம் இருப்பதனால், நம்பிக்கை என்பது ஆட்டத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

மூன்றாவது, இறந்தவரை என்ன செய்வது என்னும் வினா. தனியாக ஆடும் ஆட்டத்தில் இறந்தவர் மீண்டும் தொடங்கிவிடலாம். நால்வர் ஆட்டத்தில் ஒருவர் இறந்து, மற்றவர் அரைமணி நேரம் ஆடிக்கொண்டிருந்தால், இறந்தவர் எழுந்து போய்விடுவார். லீதல் கம்பெனியில் இறந்தவர்கள், உயிரோடிருப்பவரைப் பார்த்தவண்ணம் தமக்குள் பேசிக்கொள்ளலாம். ஆனால் எச்சரிக்க இயலாது. சுவீடன் நாட்டின் செமிவொர்க் குழுவினர் 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட 'ரெப்போ' என்னும் ஆட்டத்தில் வேறொரு வழி கண்டனர். அதில் ஆறு பேர் வரை ஆடலாம். உடையக்கூடிய விலைமதிப்புள்ள பொருள்களைச் சுவரில் இடிக்காமல் தூக்கி வருவதே அங்கு வேலை. ஒருவர் இறந்தால் அவருடைய தலை மட்டும் எஞ்சும். அதனை எடுத்து உரிய இடத்தில் கொண்டு சேர்த்தால் அவர் மீண்டும் உயிர் பெறுவார். பொருளைத் தூக்குவதா, நண்பன் தலையைத் தூக்குவதா என்று ஓடும் நேரத்தில் முடிவு செய்யவேண்டும். நட்பைப் பற்றி நீண்ட உரையாற்றாமலே, அது எவ்வளவு கனம் என்பதை இவ்வமைப்பு உணர்த்திவிடுகிறது.

நான்காவதாக, அச்சத்துக்கு ஓய்வும் வேண்டும். இடைவிடாது அச்சுறுத்தினால் மனம் மரத்துப்போம். 2008ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'லெஃப்ட் ஃபோர் டெட்' என்னும் நால்வர் ஆட்டத்தில், இயக்குநர் என்று பெயரிட்ட ஒரு நிரற்பகுதி, ஆடுபவர் எவ்வளவு நெருக்கடியில் உள்ளனர் என்பதை அளந்துகொண்டே இருக்கும். நெருக்கடி உச்சத்தை எட்டியபின் பகைவர் வருகையைக் குறைத்துச் சிறிது மூச்சுவிட இடந்தரும். பின்னர் மீண்டும் ஏற்றும். நாடகத்தில் துன்பக் காட்சிக்குப்பின் கோமாளி வருவது போன்ற முறை அது.

இனி ஆக்குவோரின் பக்கம் செல்வோம். ஒருவரும் நால்வரும் இத்தகைய ஆட்டத்தை எவ்வாறு ஆக்க இயல்கிறது? தாம் செய்யவேண்டாதவற்றை அவர்கள் தெளிவாக அறிந்திருப்பதே காரணம். பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டு எழுதும் கதையையும் உரையாடலையும் இவர்கள் எழுதுவதில்லை. ஆடுபவரின் பேச்சே உரையாடல். அவர்களுக்கு நேர்வதே கதை. இருள், செலவில்லாத திரைச்சீலை. லீதல் கம்பெனியின் காட்சிகள் வேண்டுமென்றே கரடுமுரடாகவும் தெளிவு குறைந்தும் அமைந்தவை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாததை மனம் தானே பெரிதாக்கிக்கொள்ளும் ஆதலின், சிக்கனமே அழகாயிற்று. கட்டடங்களையும் ஒவ்வொன்றாக வரைவதில்லை. சில அறைகளையும் தாழ்வாரங்களையும் செய்து வைத்து, அவற்றை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகப் பொருத்தும் விதியை எழுதுகின்றனர். யூனிட்டி போன்ற ஆயத்த மென்பொருள்கள் ஒளி, ஒலி, அசைவு ஆகியவற்றின் அடிப்படை வேலைகளைச் செய்துவிடுகின்றன.

சிக்கனம் செல்லாத இடம் ஒன்று உண்டு. அதுவே சிறு குழுக்கள் பலவற்றை வீழ்த்துவது. ஆடும் நால்வரும் நான்கு ஊர்களில் இருக்கின்றனர். அவரவர் கம்ப்யூட்டரில் அதே அறையும், அதே கதவும், அதே பூதமும் தோன்றவேண்டும். தில்லியில் இருப்பவர் கதவைச் சாத்தினால், அச்செய்தி பெங்களூர் சென்றடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகலாம். அந்த இடைவெளியில் பெங்களூர்க்காரரின் திரையில் கதவு திறந்தே இருக்கும். பூதம் உள்ளே நுழைந்தேவிடும். யார் கண்டது மெய்? இவ்வழக்கைத் தீர்க்கப் பெரும்பாலும் ஒருவரின் கம்ப்யூட்டரை நடுவராக வைப்பர். அது சொல்வதே தீர்ப்பு. மற்றவை தம் காட்சியைத் திருத்திக்கொள்ளவேண்டும். லீதல் கம்பெனியில் சுருள்வில்லின்மேல் தலை பொருந்திய பொம்மை ஒன்று வரும். எவரேனும் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அசையாது, பார்வை நீங்கினால் பாய்ந்து வரும். ஒருவர் ஆட்டத்தில் இது மிக எளிது. நால்வர் ஆட்டத்திலோ, எவர் கண் எங்கே நோக்குகிறது என்பதை நான்கு ஊர்களிலிருந்தும் திரட்டி, தாமதத்தையும் கணக்கிட்டு முடிவு செய்யவேண்டும். முதலில் ஒருவர் ஆட்டமாகச் செய்துவிட்டுப் பிறகு கூட்டாட்டமாக மாற்றலாம் என்று தொடங்குவோர், ஏறத்தாழ முழுதும் மீண்டும் எழுத நேர்கிறது. வீடு கட்டியபின் அடித்தளம் தோண்டுவது போன்றது அது. முதல் வாரத்திலேயே, படமும் அலங்காரமும் இல்லாத வெற்று அறையில், இருவர் நடமாடிப் பேசும்படி செய்துபார்ப்பதே அறிவுடைமை.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. தான் செய்த பேய்க்குத் தானே அஞ்சுவார் எவரும் இலர். பூதம் எந்தக் கதவின்பின் நிற்கும் என்பதை அறிந்தவருக்கு அச்சம் ஏது? ஆகவே அச்ச ஆட்டத்தை ஆக்குபவர், தம் படைப்பைப் பிறர் ஆடுவதைக் கண்டே அளக்கவேண்டும். அதுவும் ஒருவரை அன்று, ஒருவரையொருவர் நன்கறிந்த நண்பர் நால்வரை அழைத்து ஆடச்செய்து, தாம் வாய்திறவாமல் கேட்கவேண்டும். எங்கே பேச்சு நின்றது, எங்கே குரல் தாழ்ந்தது, எங்கே சிரிப்பு வெடித்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். சிரிப்பு எழுந்ததற்கு வருந்தவேண்டுவதில்லை. நகையும் அச்சமும் அண்டை வீட்டார். ஆனால் எவரும் பேசாமல் அவரவர் வழியே போயினர் எனின், அங்கே கூட்டாட்டம் இல்லை. நான்கு தனியாட்டங்களே உண்டு. அப்பகுதியை நீக்கிவிடலாம்.

குழுவினருக்குள் உள்ள உறவும் இதே விதிக்கு உட்பட்டது. நிரல் எழுதுபவர், உருவம் வரைபவர், ஒலி அமைப்பவர் என்று மூவர் இருந்தால், ஒருவர் செய்வது மற்றவருக்கு நாள்தோறும் தெரியவேண்டும். ஒவ்வொருவரும் ஒரு புதுமையைச் சேர்க்க விரும்புவர். எல்லாவற்றையும் ஏற்றால் எதுவும் முடியாது. எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று. வருவாய் வந்தால் எவ்வாறு பங்கிடுவது, ஒருவர் நடுவில் விலகினால் அவர் பங்கு என்ன என்பவற்றை, வருவாய் வருமுன்னரே எழுதிக் கையொப்பமிடவேண்டும். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பது பெருந்தன்மை போலத் தோன்றும். நட்பைக் காப்பதோ அந்த எழுத்தே.

வாணிகத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இவ்வாட்டங்கள் பெரும்பாலும் ஸ்டீம் என்னும் இணையக் கடையில் விற்பனையாகின்றன. அங்கே ஓர் ஆட்டத்தைப் பதிவுசெய்ய 100 டாலர் கட்டணம். விற்பனையில் வழக்கமாக 30 சதவிகிதம் கடைக்கு. கூட்டாட்டத்தில் ஓர் அனுகூலம் உண்டு: வாங்கியவர் தனியாக ஆட விரும்பார் ஆதலின், தாமே நண்பர்களை அழைத்து வருவார். அதனாலேயே விலையும் குறைவாக இருக்கவேண்டும். லீதல் கம்பெனி 10 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே வெளியிடப்பட்டது. சுவீடனின் லேண்ட்ஃபால் வெளியிட்ட, ஐவர் ஆக்கிய 'கன்டென்ட் வார்னிங்' 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வெளிவந்து, முதல் 24 மணி நேரம் இலவசமாக வழங்கப்பட்டது. 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாளில் அதனைப் பெற்றுக்கொண்டனர்.

இவ்வெற்றிகளைக் கேட்டு மயங்கலாகாது. அதே 2024ஆம் ஆண்டில் ஸ்டீமில் வெளிவந்த ஆட்டங்கள் 18,000க்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவற்றின் பெயரை எவரும் அறியார். லீதல் கம்பெனியை ஆக்கியவரும் ஒரே இரவில் தோன்றியவர் அல்லர். அதற்குமுன் 'இட் ஸ்டீல்ஸ்', 'தி அப்டர்ண்ட்' முதலிய சிறு ஆட்டங்களை வெளியிட்டுக் கை பழகியவர். நம் நாட்டிலும் பூனாவின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழு, 2020ஆம் ஆண்டு 'ராஜி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அது கூட்டாட்டமும் அன்று, அச்ச ஆட்டமும் அன்று. ஆயினும், பொதுமக்களிடம் முன்பணம் திரட்ட அக்குழு 2017இல் செய்த முயற்சி இலக்கை எட்டாமல் போனபின்னும் விடாது உழைத்து முடித்த வரலாறு, இத்துறையில் இறங்குவோர் அறியத்தக்கது.

ஆகவே, இதுவும் ஒரு தொழிலா என்னும் கேள்விக்கு என் விடை இது. தொழிலே, ஆனால் விளைச்சல் உறுதியில்லாத மானாவாரி நிலம் போன்ற தொழில். வேறு வருவாயை விட்டுவிடாமல், சிறிய ஆட்டம் ஒன்றை ஓராண்டுக்குள் முடித்து வெளியிட்டுப் பார்க்கட்டும். முடித்த சிறிய ஆட்டம் ஒன்று, முடியாத பெரிய ஆட்டம் பத்தினும் மேலான ஆசிரியன்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். இரவு நேரத்தில் உங்கள் பிள்ளையின் அறையிலிருந்து கூக்குரலும் அதனையடுத்துச் சிரிப்பும் கேட்டால் கலங்கவேண்டா. கோயம்புத்தூரில் உடன் படித்தவன் ஒருவன், இன்று பூனாவில் இருப்பவன் ஒருவன், தில்லிக்குப் போனவன் ஒருவன் என்று, வேலையின் பொருட்டுச் சிதறிய நண்பர்கள் அங்கே ஒரு வீட்டுக்குள் கூடியிருக்கலாம். பகலெல்லாம் பிறமொழியில் பேசிய நாக்கு, பூதம் எதிர்ப்படும் கணத்தில் "ஐயோ, ஓடுடா!" என்று தாய்மொழியில்தான் கத்தும். அந்தக் குரலை எந்தக் கலைஞரும் எழுதிவைக்கவில்லை. அது எழுவதற்கு ஓர் இருண்ட அறையையும், அது சென்றுசேர ஒரு வழியையும் மட்டுமே அவர் அமைத்தார். மறுமுனையிலிருந்து "இருடா, வரேன்" என்று ஒரு குரல் வருமாயின், அச்சிறு குழுவின் உழைப்பு பயன் தந்தது எனலாம்.